பெனிற்றாவின் நாற்பத்து மூன்று நாட்கள்

லண்டன் டூட்டிங்கில் நீலவேணியைத் தெரிந்தவர்களுக்கு அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிற, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிற, அதிகம் கதைக்காத மனுசி. வயது ஐம்பத்தேழு. கணவர் தேவராசா ஜெர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து டயர்க்கடை நடத்தியவர். மாரடைப்பில் போய் ஆறு வருடமாகிறது. ஒரே மகள் தாரகா மருத்துவமனையொன்றில் பிசியோதெரபிஸ்ட். போரில் இறந்தவர்களை நினைக்கிற கார்த்திகை மாத நிகழ்வுகளுக்கு மண்டபம் நிரம்பச் சனம் போகும்போது நீலவேணி போவதில்லை. கேட்டால் ஷிப்ட் என்பாள்.

அவளுக்கு வேறொரு பெயரும் இருந்தது. எண்பத்தெட்டாம் ஆண்டு தென்மராட்சியில் அவளை அல்லி என்றார்கள். அப்போது இருபத்தொரு வயது. வெளியிலிருந்து வந்த படை ஊர்களைப் பிடித்து, பள்ளிக்கூடங்களிலும் நெல்லாலைகளிலும் முகாம் போட்டிருந்த காலம். இயக்கம் எட்டுப் பெண்களை அவள் பொறுப்பில் விட்டிருந்தது. எட்டுப் பேருக்கு ஐந்து துவக்குகள். பகலில் வீடுகளில் மச்சாள்மாராகவும் பெறாமக்களாகவும் இருந்து வெங்காயம் உரித்தார்கள். விடிய முன்னம் வயல் வரப்புகளால் நடந்தார்கள். எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த மதகடியில் எத்தனை காவல் என்று அல்லி மனத்திலேயே வரைந்து வைத்திருந்தாள். ஒருமுறை சுற்றிவளைப்புக்கு வந்த அணியை வாய்க்கால் வீதியில் அந்த எட்டுப் பேரும் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு மூன்று நாள் அந்த ஊருக்குள் ஒரு சப்பாத்துக் கால் வரவில்லை. பெண்பிள்ளைகளால் என்ன ஏலும் என்று முன்பு சொன்னவர்கள் அன்றைக்குப் பிட்டும் முட்டைப் பொரியலும் கட்டிக் கொடுத்தார்கள்.

அந்த எட்டுப் பேரில் ஆக இளையவள் பெனிற்றா. பதினேழு வயது. கரையோரக் கத்தோலிக்க ஊர்க்காரி, மீன் கடகத்தைத் தலையில் வைத்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒருநாள் வோக்கி-டோக்கிக்குப் பற்றரி கொண்டுவர அவளை அனுப்ப வேண்டியிருந்தது. அன்று காலையில்தான் தேத்தண்ணிக் கடைக்காரி ஆள்விட்டுச் சொல்லியிருந்தாள், சந்தியில் புதிதாக ஒரு சோதனைச் சாவடி போட்டிருக்கிறார்கள் என்று. செய்தி அல்லியின் காதுக்கு வந்தது. ஆனால் இரண்டு நாளாகப் பற்றரி இல்லாமல் தொடர்பு அறுந்திருந்தது. அவள் அதைப் பெனிற்றாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் பயந்து முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தாள். "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னாள். பெனிற்றா ஒன்றும் கேட்காமல் கடகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சந்தியில் பிடித்துவிட்டார்கள்.

பிடிபட்டவள் ஒருநாள் தாங்குவாள், இரண்டு நாள் தாங்குவாள் என்று கணக்குப் போட்டு அல்லி அன்று பின்னேரமே மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு இடம் மாறினாள். போகக்கூடிய வீடுகளெல்லாம் பெனிற்றாவுக்கும் தெரிந்தவைதான். ஆனால் பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் யாரும் வரவில்லை. அந்த வீட்டுக்காரர் ஒருவரையும் யாரும் தொடவில்லை. நாற்பத்து மூன்றாம் நாள், ஒரு பாதிரியார் நடையாய் நடந்து பெனிற்றாவை வெளியே எடுத்தார். இடது கையில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

ஒரு மத்தியானம் கோயில் சாமான் அறையில் வைத்து அவள் அல்லிக்கு எல்லாவற்றையும் சொன்னாள். எந்த அறை, யன்னலுக்கு வெளியே என்ன மரம், எந்த நாளில் என்ன செய்தார்கள், அவர்கள் கேட்ட ஒரே கேள்வி எது. உங்கட லீடர் எங்கே என்பதுதான் அந்தக் கேள்வி. சொல்லி முடித்துவிட்டு, "உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறன் அக்கா. வேற ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள்.

சோதனைச் சாவடி பற்றித் தனக்கு முன்பே தெரியும் என்பதை அல்லி அன்றைக்கும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் எறிகணைத் துண்டொன்று அவளுடைய இடது காலைக் கிழித்தது. தொண்ணூற்று மூன்றில் இயக்கத்தை விட்டு விலகினாள். பிறகு ஊர் வேறொரு இராணுவத்தின் கைக்கு வந்தது. பழைய பெயர் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இராணுவம் வீட்டை இரண்டு தரம் தேடி வந்தது. தொண்ணூற்றொன்பதில் ஏஜென்சிக்காரன் ஒருவன் அவளை லண்டனில் இறக்கிவிட்டான். பயம் உண்மை. ஓடிவந்ததும் உண்மை. அதற்குப் பிறகுதான் பொய் தொடங்கியது.

அகதி விண்ணப்பத்துக்கு உதவியவர் சதாசிவம் என்கிற மொழிபெயர்ப்பாளர். கெட்ட மனிதரல்ல. எத்தனையோ பேருக்கு வழி காட்டியவர். நீலவேணி தன் கதையைத் தொடங்கினதும் பேனையை மூடி வைத்தார்.

"தங்கச்சி, துவக்குத் தூக்கினனான், ஆக்களை நடத்தினனான் எண்டு நீர் சொன்னா இவை கதவைப் பூட்டிப்போடுவினம். பாதிக்கப்பட்ட ஆளா வாரும். உம்மை ஆரும் பிடிச்சு வைச்சிருக்கேல்லையோ?"

இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். மூடி வைத்த பேனையைப் பார்த்தாள். பிறகு, "ஓம். நாப்பத்து மூண்டு நாள்" என்றாள்.

குரோய்டனில் குடிவரவுத் திணைக்களத்தின் பெரிய கட்டடத்தில் நேர்காணல் நடந்தது. அறையைச் சொன்னாள். யன்னலுக்கு வெளியே நின்ற பூவரச மரத்தைச் சொன்னாள். நாட்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். கால் காயத்தைக் காட்டி, அங்கே அடித்ததென்றாள். சொல்லும்போது அழுகை வந்தது; அது நடிப்பில்லை, பெனிற்றாவை நினைத்து வந்த அழுகை. ஆனால் கேட்டவருக்கு அது தெரியாது. கடைசியில் அவர்கள் கேட்டார்கள், ஏன் உன்னை விட்டார்கள் என்று. இந்தக் கேள்வி வரும் என்று சதாசிவம் முதலே சொல்லித் தந்திருந்தார். இயக்கத்துக்குச் சமைத்துக் கொடுத்த பெட்டை அடி தாங்காமல் சொல்லிவிட்டாள் என்றால்தான் நம்புவார்கள் என்றும் சொல்லியிருந்தார். நீலவேணி அப்படியே சொன்னாள். இயக்கத்தவர் இருந்த இடத்தை நான் காட்டிக்கொடுத்தேன், அதனால் விட்டார்கள்.

எட்டு மாதத்தில் விசா கிடைத்தது. பிறகு கல்யாணம், தாரகா, குடியுரிமை, கவுன்சில் வீடு. தாரகாவுக்குப் பதினாறு வயதானபோது அம்மாவின் நாற்பத்து மூன்று நாட்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாள். தேவராசா அதைப் பிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். அவருக்கும் அந்தக் கதைதான் தெரியும். நீலவேணி வருடக்கணக்காக அந்தச் சுவரைப் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, டூட்டிங் வீதியில் மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ "அல்லியக்கா" என்றார்கள். முப்பது வருடமாக யாரும் கூப்பிடாத பெயர். திரும்பினாள். நரைத்த தலை, மெலிந்த முகம், கடைப்பையைப் பிடித்திருந்த இடது கையில் இரண்டு விரல் நீட்டியபடி நின்றது.

"நடையைப் பாத்துத்தான் பிடிச்சனான்" என்று பெனிற்றா சிரித்தாள்.

அவளுடைய கணவர் போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். அதைக் கேட்டுத் திரிந்ததற்காக அவளைத் திரும்பத் திரும்ப விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கடைசியில் அண்ணன் காணியை விற்று அனுப்பிவிட்டிருக்கிறார். இப்போது குரோய்டனில் நாலு பெண்களோடு ஒரு வீட்டில் இருந்து அகதி வழக்கின் பதிலுக்குக் காத்திருக்கிறாள். நீலவேணி அவளை வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தோசை வாங்கிக் கொடுத்தாள். சுவரில் இருந்த பிரேம் அவளுடைய நினைவில் நின்றது. பெனிற்றா எழுத்துக்கூட்டியாவது ஆங்கிலம் வாசிப்பாள்.

நாலு மாதம் கழித்துப் பெனிற்றாவுக்கு மறுப்புக் கடிதம் வந்தது. பதினேழு வயதில் பிடிபட்டதாகச் சொல்கிற கதைக்கு ஆதாரமில்லை. அதை நம்ப முடியாததால் பிறகு நடந்ததாகச் சொல்வதையும் நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தது. அப்பீலுக்கு ஒரு சாட்சி வேண்டும். அவள் அதே சாப்பாட்டுக் கடையில் வைத்து நீலவேணியிடம் கேட்டாள்: அந்தக் காலத்தில் தன்னை அறிந்தவர், தனக்குப் பொறுப்பாக இருந்தவர் உயிரோடு இருப்பது அக்கா ஒருவர்தான், வந்து சொல்ல ஏலுமோ?

 சாட்சிக்கூண்டில் ஏறினால் நீலவேணியின் பழைய பைலை எடுப்பார்கள். அதில் அதே அறை, அதே பூவரச மரம், அதே நாற்பத்து மூன்று நாட்கள். உண்மைக்காரியின் கதை களவெடுத்ததுபோலத் தெரியும். இதையெல்லாம் அவள் சொல்லவில்லை.

"எனக்கு ஏலாது பெனிற்றா. எனக்கொரு பிள்ளை இருக்கு."

பெனிற்றா தலையாட்டினாள். அக்காவைக் கஷ்டப்படுத்த வேண்டாம், வேறு வழி பார்க்கலாம் என்றாள். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினாள்.

அடுத்த ஏழு கிழமையும் நீலவேணி மரக்கறி வாங்க வேறு கடைக்குப் போனாள். பஸ்ஸில் நரைத்த தலையொன்றைக் கண்டால் ஒரு தரிப்பு முன்னமே இறங்கினாள். ஒரு காலத்தில் ஒரு படையே தேடித் திரிந்தும் ஊரைவிட்டுப் போகாதவள், மீன்காரப் பெட்டை ஒருத்திக்குப் பயந்து ஒளித்துத் திரிகிறேனே என்று நினைத்தபோது, சமையலறையில் பிள்ளைகளுக்கு பீன்ஸ் பரிமாறிக்கொண்டு நின்றவளுக்கு முகம் சுட்டது.

எட்டாம் கிழமை ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். பெயர் மாலினி, மலேசியாக்காரி, பெனிற்றாவின் வழக்கறிஞர். இந்த நம்பர் பைலில் இருக்கிறது, இது யாருடையது என்று தெரிந்துகொள்ளத்தான் எடுத்தேன் என்றாள். நீலவேணி தொலைபேசியை வைக்காமல் பிடித்திருந்தாள்.

"அக்கா, நான் உங்களைக் கட்டாயப்படுத்தல" என்றாள் மாலினி. "ஆனா அவங்க முதல்ல என் லீடர் லண்டன்ல இருக்காங்கன்னு சொன்னாங்க. இப்ப அவங்க செத்துட்டாங்கன்னு சொல்றாங்க. பேரைக் கேட்டா வாயே திறக்கல. இப்படி மாத்திச் சொன்னா நீதிபதி எதையும் நம்ப மாட்டாரு. அவங்களுக்கு அது புரியுது. புரிஞ்சும் அப்படியேதான் சொல்றாங்க."

நீலவேணி தொலைபேசியை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் பெனிற்றாவிடம் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். இந்த முறையும் அவள் சொல்லவில்லை.

அடுத்த நாள் லீவு எடுத்துக்கொண்டு குரோய்டனில் மாலினியின் அலுவலகத்துக்குப் போனாள். தொண்ணூற்றொன்பதில் சொன்ன பொய்யை முழுவதும் சொன்னாள். மாலினி முதலில் எழுதினாள், பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். இதைச் சொன்னால் குடியுரிமைக்கே ஆபத்து வரலாம், தனியாக வேறொரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றாள். நீலவேணி பார்த்தாள். அவரும் அதையே சொன்னார். அவள் திரும்பி வந்து வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தாள்.

தாரகாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு சொன்னாள்.  முடிந்த பிறகு மகள், "அப்ப உங்கட கால்?" என்று மட்டும் கேட்டாள். சண்டையில் பட்டது என்றாள் நீலவேணி. தாயின் காலுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தவள் அவள். வேலையில் நோயாளிகளுக்குக்கூட என் அம்மாவை இப்படிச் சித்திரவதை செய்தார்கள், அவ நடக்கிறா, நீங்களும் நடப்பீர்கள் என்று சொல்லியிருக்கிறாளாம். அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். அடுத்த நாள் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. பல கிழமைகள் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

ஆனால் அதைவிடப் பெரியது பிறகுதான் வந்தது. பழைய பைலின் பிரதி வந்ததும் மாலினி இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டாள். பெனிற்றாவுக்கு அதற்குள் விஷயம் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தாள், நீலவேணியின் முகத்தைப் பார்க்கவில்லை. தன்னுடைய கதை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முழுவதும் தெரிய வேண்டும் என்று அவள்தான் கேட்டிருந்தாள். மாலினி ஒவ்வொரு பக்கமாக வாசித்துத் தமிழில் சொன்னாள். அறை வந்தது. மரம் வந்தது. பெனிற்றா அசையவில்லை. கடைசிப் பக்கத்தில், இடத்தைக் காட்டிக்கொடுத்ததால் விட்டார்கள் என்ற வரி வந்தபோது அவள் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். திரும்ப வாசிக்கச் சொன்னாள். மாலினி வாசித்தாள்.

"நான் சொல்லேல்லை" என்றாள் பெனிற்றா. குரல் உயரவில்லை. "அக்கா, மற்றதெல்லாம் எடுத்ததைப் பற்றிப் பரவாயில்லை. நான் சொல்லேல்லையே. எனக்கெண்டு இருந்தது அது ஒண்டுதான்."

நீலவேணியால் தலையை நிமிர்த்த முடியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாய் திறந்தாள்; அந்தச் சொல் அங்கே மிகவும் சின்னதாக இருந்தது. ஆனால் அப்போதுதான் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குப் பட்டது. அன்று காலையில் சந்தியில் சாவடி இருப்பது தனக்குத் தெரியும், தெரிந்துதான் அனுப்பினேன் என்றாள்.

பெனிற்றா தன் மடங்காத இரண்டு விரல்களைப் பார்த்தாள். பிறகு கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

விசாரணை தை மாதக் கடைசியில் நடந்தது. நீதிபதி ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண். நீலவேணி தன் இரு பெயர்களையும் சொன்னாள். எட்டுப் பெண்களை நடத்தினேன், ஐந்து துவக்குகள் இருந்தன, வாய்க்கால் வீதியில் படையை மறித்தேன் என்றாள். லண்டனில் அதை அவள் பலர் முன்னால் சொல்வது அதுதான் முதல் தடவை. அதில் பெருமைப்பட ஒரு காலம் இருந்திருக்கலாம். இப்போது அதையும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அரசாங்கத் தரப்பு வழக்கறிஞர் இளைஞர், மரியாதையாகவே கேட்டார். தொண்ணூற்றொன்பதில் சத்தியம் செய்து ஒரு கதை சொன்னீர்கள். இன்றைக்குச் சத்தியம் செய்து அது பொய் என்கிறீர்கள். அந்தக் கதையில் பிடிபட்ட பெண் தகவல் கொடுத்ததால் விடுபட்டாள். இந்த அம்மாவின் கதையில் அவள் கொடுக்கவில்லை. எதை நாங்கள் நம்ப வேண்டும்?

மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் தமிழில் சொல்லி முடிக்க முன்னமே நீலவேணி பதில் சொன்னாள்.

"அவள் சொல்லேல்லை. சொன்னனான் எண்டு எழுதிக் குடுத்தது நான். அவள் சொல்லியிருந்தா நான் எண்பத்தெட்டிலயே செத்திருப்பன். நான் இஞ்ச உயிரோட நிக்கிறதுதான் அவள் சொல்லேல்லை எண்டதுக்குச் சாட்சி."

 வேறு கேள்விகளும் வந்தன. மற்ற ஏழு பெண்களின் பெயர்கள், ஊர்கள், யார் யார் எப்போது இறந்தார்கள். எல்லாவற்றையும் அவள் தடுமாறாமல் சொன்னாள். வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் பெனிற்றா நின்றாள். இருவருக்கும் இடையில் நாலு கதிரை தூரம். லிப்ட் வந்ததும் பெனிற்றா ஏறிப் போனாள். நீலவேணி படியால் இறங்கினாள்.

ஐந்து கிழமையில் தீர்ப்பு வந்தது. அப்பீல் வென்றது. நீதிபதி சாட்சியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார்: தனக்கு மிகவும் பாதகமானதைத் தானாகவே வந்து சொன்ன ஒருவரை நம்பாமல் இருக்கக் காரணமில்லை. அதை மாலினி தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது நீலவேணிக்குச் சந்தோசம் வரவில்லை. யாரோ தவறான ஆளுக்கு மாலை போட்டதுபோல இருந்தது. இருபத்தைந்து வருடம் நான் சொல்லாமல் இருந்ததை அந்த அம்மா எழுதவில்லையோ என்று கேட்டாள். 

பெனிற்றா தானாகத் தொலைபேசி எடுத்தது ஒருதரம்தான். கிடைத்துவிட்டது, பெற்ற தாய்க்கு இன்னும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன் என்றாள். பிறகு, "சாவடிக்கு அனுப்பினது சண்டை அக்கா. அதுக்கு நான் உங்களோட கோவிக்க மாட்டன். மற்றதுக்கு எனக்கு இன்னும் காலம் வேணும்" என்றாள்.

தாரகா ஒரு பின்னேரம் தாயின் காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த வாய்க்கால் வீதி எப்படி இருக்கும் என்று கேட்டாள். நீலவேணி சொன்னாள். எட்டுப் பேரையும் பெயர் சொல்லிச் சொன்னாள். நடுவில் தாரகா, அந்தச் சின்ன அன்ரியை ஏன் சொல்லாமல் அனுப்பினீர்கள் என்று கேட்டாள்.  அந்தக் கேள்வி அந்த வீட்டில் இன்னும் இருக்கிறது.

சித்திரையில் நீலவேணிக்குக் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. பொய்த் தகவல் கொடுத்துப் பெற்ற குடியுரிமையை ஏன் நீக்கக்கூடாது என்று மூன்று கிழமைக்குள் விளக்கம் தரும்படி கேட்டிருந்தார்கள். எதிர்பார்த்ததுதான். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் சொல்லவில்லை. பதிலில் கையெழுத்து வைக்க மாலினியின் அலுவலகத்துக்குப் போக வேண்டும். விம்பிள்டனில் ட்ராம் ஏறி, குரோய்டனில் இறங்கியபோது மேடையில் பெனிற்றா நின்றாள். மாலினிதான் சொல்லியிருக்க வேண்டும். வாங்கோ என்று சொல்லவில்லை, சிரிக்கவில்லை. நீலவேணியின் கையிலிருந்த பைலை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். நடக்கத் தொடங்கினாள், இழுத்து நடக்கிறவளுக்குத் தோதாக மெதுவாக.

குடியுரிமை பற்றிய முடிவு இன்னும் வரவில்லை.